நான்காவது ஃபவுலுக்குப் பிறகு

ஜனவரி 8

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் நலம். அம்மாவின் மூட்டு வலி குளிர் விட்டால் குறையும் என்று டாக்டர் சொல்கிறார். டாக்டரை மாற்றினால் குறையும் என்று அம்மா சொல்கிறாள். அண்ணியின் இருமல் நின்றதா?

தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். போன முறை வீட்டுக் கூரை ஒழுகுவதில் தொடங்கி, நான் கல்யாணம் செய்துகொள்ளாததில் கொண்டுபோய் முடித்தாய். கடிதத்தில் நீ கத்தினாலும் எனக்குக் கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

நம் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு இது ஐம்பதாவது ஆண்டு. பழைய ஆட்டக்காரர்கள் ஒரு குழு அமைத்து, அணியின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். எழுத என்னைக் கேட்டார்கள். நான் உன் தங்கை என்பதை முதல் காரணமாகவும், அங்கேயே வரலாறு கற்பிக்கிறேன் என்பதை இரண்டாவது காரணமாகவும் குழுச் செயலாளர் சொன்னார். ஆகஸ்டில் திறக்கப்போகும் உள்ளரங்கத்துக்கு உன் பெயரை வைக்கிறார்களாமே, வாழ்த்துகள். புத்தகமும் அதே மேடையில்தான் வெளியாகும்.

எனக்கு இந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. முதல் அத்தியாயத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வேதியியல் கூடத்துக்குப் பின்னால் மண் தரையில் தொடங்கியது, பட்டறையில் அடித்த இரும்பு வளையத்துக்கு வலை இல்லாததால் பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று ஒவ்வொரு முறையும் சண்டை வந்தது, எல்லாம் இருக்கிறது. தவறு இருந்தால் திருத்தி அனுப்பு.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

தங்கை


ஜனவரி 29

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அண்ணிக்கு இருமல் நின்றுவிட்டது. இருமலைப் பற்றிய பேச்சுதான் நிற்கவில்லை. அம்மாவைத் தினமும் நடக்கச் சொல்.

படித்தேன். படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தேன். கூடைப்பந்தில் 'கோல்' போடுவதாக எழுதியிருக்கிறாய். கோல் போடுவது கால்பந்தில். இங்கே பாஸ்கெட். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். ஆறாவது ஆள் உன் கற்பனை. 'பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்' என்கிறாய். தரையில் தட்டாமல் ஓடினால் உடனே விசில் ஊதிவிடுவார்கள். மூன்று பக்கத்துக்குத் திருத்தம் இணைத்திருக்கிறேன். ஒரு தவறுகூட அச்சில் வரக் கூடாது. ஆட்டம் தெரிந்தவன் ஒருவன் சிரித்தாலும் அவமானம் எனக்குத்தான்.

நான் கேப்டனாக இருந்து கோப்பை வாங்கிய வருடத்தை நீ எழுத வேண்டாம். நானே எழுதி அனுப்புகிறேன், எழுத்துப் பிழை பார்த்தால் போதும். பழைய ஆட்களில் யாரை வேண்டுமானாலும் போய்ப் பார். கொக்கியை மட்டும் விட்டுவிடு. தலைக்கு மேலே கையைக் கொக்கிபோல வளைத்துப் பந்தைப் போடுவானே, அவன்தான். இறுதி ஆட்டத்தில் எதிரணிப் பையனை முழங்கையால் இடித்து ஒரு கண்ணையே போக்கினான். பல்கலைக்கழகம் அவனை எல்லா விளையாட்டிலிருந்தும் விலக்கியது. இப்போது எங்கோ குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கிறானாம். அணிக்கு அவனால் வந்த கெட்ட பெயர் போதும், புத்தகத்தில் வேறு ஏற்ற வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மா தினமும் நடக்கிறாள்: வாசல்வரை நடை, அதற்குமேல் பக்கத்து வீட்டு அம்மாளோடு பேச்சு. அங்கே குளிர் விட்டிருக்குமே.

ஆறாவது ஆளை நீக்கிவிட்டேன்.

இரண்டாவது அத்தியாயம் இத்துடன். இதற்காக அணியின் முதல் கேப்டனைப் பார்த்தேன். இப்போது மூத்த வக்கீல். அவருடைய அலுவலகத்தில் கோப்புகள் ஜன்னலை மறைத்து நிற்கின்றன. அந்தக் காலத்தில் விசில் ஊதியதும், ஃபவுல் செய்தவன் தானே கையைத் தூக்க வேண்டுமாம். ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டத்தை விட்டு வெளியே போக வேண்டும். இவ்வளவும் உனக்குத் தெரியும். அவர் சொன்ன மீதிதான் எனக்குப் புதிது.

"கேப்டனுக்கு நாலு ஆயிடுச்சுன்னா அதுக்கப்புறம் அவன் கை தூக்க மாட்டான்மா. பக்கத்துல நிக்கிற ஜூனியர் தூக்குவான். யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. பின்ன ஜூனியர்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான்?"

சொல்லிவிட்டுத் தன் ஜூனியர் வக்கீலைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. கூடைக்குக் கீழே எல்லோரும் முண்டும்போது யார் கை யார்மேல் பட்டது என்று நடுவருக்குச் சரியாகத் தெரியாதாம்; தூக்கிய கையைத்தான் நம்புவாராம். கேப்டன்கள் மாறினார்கள், வழக்கம் மாறவில்லை என்றார். வேடிக்கையான செய்தி என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்.

அணியின் பெயர்ப்பலகை பழைய உடற்பயிற்சிக் கூடத்தில் இருக்கிறது. உன் வருடத்தில் ஒரு பெயரின்மேல் வெள்ளை அடித்திருக்கிறார்கள். மற்ற பெயர்களெல்லாம் மங்கிவிட்டன, அந்த வெள்ளை மட்டும் பளிச்சென்று இருக்கிறது. நீ எழுதி அனுப்புவதாகச் சொன்ன பக்கங்கள் இன்னும் வரவில்லை.

தங்கை


பிப்ரவரி 27

தங்கச்சிக்கு,

சுகம். அங்கேயும் அப்படியே என்று நினைக்கிறேன்.

அந்தக் கை தூக்கும் பத்தியை எடுத்துவிடு. மற்றதெல்லாம் இருக்கட்டும்.

அந்த ஆள் வக்கீல். கேட்பவர் சிரித்தால் இன்னும் இரண்டு சேர்த்துச் சொல்வார். ஐம்பது வருடப் பெருமையை எழுதச் சொன்னால் நீ ஏன் கிசுகிசு பொறுக்கிக்கொண்டு திரிகிறாய்?

பெயர்ப்பலகையை உன்னை யார் பார்க்கச் சொன்னது? கொக்கி நம் வீட்டுக்குச் சாப்பிட வரும் நாளில் மட்டும் உனக்கு ஹாலில் உட்கார்ந்து படிக்கத் தோன்றும். அம்மா கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். நீ எழுதுவது அணியின் வரலாறா, வேறு எதுவுமா? அதை முதலில் சொல்.

அண்ணன்


மார்ச் 14

அண்ணனுக்கு,

நலமே. அம்மா டாக்டரை மாற்றிவிட்டாள், வலி மாறவில்லை. புது டாக்டர் சிரித்துப் பேசுகிறாராம், அது போதும் என்கிறாள்.

உன் பதில் வர வழக்கமாக மூன்று வாரம் ஆகும். இந்த முறை ஒரே வாரத்தில் வந்துவிட்டது. முதல் அத்தியாயத்துக்கு மூன்று பக்கத் திருத்தம் எழுதியவன், இரண்டாவதில் ஒரு பத்தியை மட்டும் எடுக்கச் சொல்கிறாய். அதில் தவறு இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. வேடிக்கை என்று நினைத்துச் சேர்த்த பத்தி அது. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் அதை இரண்டாம் முறை படித்தேன்.

குழாய்க் கடைக்குப் போனேன். குறுகலான கடை, கூரைவரை தட்டு. மேல்தட்டில் இருப்பதை எடுக்க அவருக்கு ஏணி தேவைப்படவில்லை. முன்பு என்னை 'நீ' என்பார், இப்போது 'நீங்க' என்றார். அம்மாவைக் கேட்டார், உன்னைக் கேட்டார். நடுவில் ஒருவர் வந்து, ஒழுகும் குழாய்க்கு வாஷர் கேட்டார். எந்தக் குழாய், எத்தனை வருடம் ஆயிற்று என்று விசாரித்துவிட்டு, வாஷரால் ஒன்றும் ஆகாது, குழாயை மாற்றுங்கள் என்று அனுப்பினார்.

இறுதி ஆட்டத்தைக் கேட்டேன். வாஷர் டப்பாவை மூடி மேல்தட்டில் வைத்தார். பிறகு சொன்னார்.

"கை தூக்கினது நான்தான். அதை எழுதிக்கோங்க. யார் இடிச்சதுன்னு என்கிட்ட கேக்காதீங்க. உங்க அண்ணன் சொல்லட்டும். நான் சொன்னா அது புகார், அவன் சொன்னாத்தான் சேதி."

அண்ணா, உன்னிடம் ஒரே கேள்வி. அந்த விசில் ஊதுவதற்கு முன் உனக்கு எத்தனை ஃபவுல் ஆகியிருந்தது?

தங்கை


ஏப்ரல் 30

பேராசிரியை அவர்களுக்கு,

நாங்கள் சௌகரியமாக இருக்கிறோம். விசாரித்ததற்கு நன்றி. நீ விசாரிக்கவில்லை என்பதும் கவனத்தில் இருக்கிறது.

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் அண்ணி எழுதச் சொன்னாள். உன் கேள்விக்குப் பதில் சொல்ல நான் உன் வகுப்பில் உட்கார்ந்திருக்கவில்லை. நடுவர் இருந்தார், ஆட்டத்தைப் பார்க்கக் கேலரி நிறைய ஆள் இருந்தார்கள். தீர்ப்பு அன்றைக்கே வந்தாயிற்று. முப்பது வருடம் கழித்து, ஆறு பேரை வைத்துக் கூடைப்பந்து ஆடுகிறவள் அதைத் திருத்தப் போகிறாளா?

'அவர்' என்று எழுதுகிறாய். என்னை மட்டும் 'நீ'. இருக்கட்டும்.

செயலாளருக்கு எழுதிவிட்டேன். இந்த வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாவிடமும் தொலைபேசியில் பேசினேன். பெற்ற மகனைப் பற்றி இப்படி ஒன்று அச்சில் வந்தால் அவளுக்கு ரத்தக் கொதிப்பு என்ன ஆகும் என்று யோசித்தாயா?

நான் முன்பு கேட்டதற்கு நீயும் பதில் சொல்லவில்லை. அவன் எதிரில் அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாயே, கடையில் எதை வாங்கிக்கொண்டு வந்தாய்?

அண்ணன்


மே 12

அண்ணனுக்கு,

அம்மாவின் ரத்தக் கொதிப்பு சரியாக இருக்கிறது. நீ பேசியதைச் சொன்னாள். "ஆளுக்கொரு பக்கம் என்னைப் பந்தாத் தூக்கிப் போடாதீங்க. ரெண்டு பேரும் அம்பதைத் தொட்டாச்சு" என்றாள். அதைச் சொல்லும்போது டிவி சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை.

செயலாளர் வீட்டுக்கு வந்தார். உன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அதை எடுக்காமலே பேசினார். வேறு ஆள் கிடைக்கவில்லையாம். உனக்காக வருந்துகிறேன்.

கண் போனவரையும் பார்த்தேன். இப்போது ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர். விடைத்தாள்களை முகத்தருகே வைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துத் திருத்துகிறார். மிகவும் பொறுமையானவர் என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். கொக்கி என்று நான் சொன்னதும் அந்தப் பொறுமை போய்விட்டது.

"யார் இடிச்சான்னு நான் பாக்கல. பின்னாடிலேர்ந்து வந்திருக்கணும். கீழ விழுந்து ஒரு கண்ணால பாத்தேன், ஒரே ஒரு கை மேல நின்னுச்சு. அந்தக் கையைத்தான் இன்னிக்கு வரைக்கும் சபிக்கிறேன்."

கைக்குச் சொந்தக்காரர் இதே ஊரில்தான் இருக்கிறார். ஒரு கல்யாண வீட்டில் இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்களாம். இவர் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாராம்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். கொக்கியின் மகள் நம் பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறாள், பெண்கள் அணியில் ஆடுகிறாள். அந்தக் கையால் போடும் வளைவு அப்படியே இருக்கிறது. இனிஷியலைக் கேட்டால் சொல்வாளாம். அப்பா பெயரை முழுதாகக் கேட்டால் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்துவிடுவாளாம். புது அரங்கத்தில் உன் பெயருக்குக் கீழே அவள் ஆடப்போகிறாள்.

எத்தனை ஃபவுல்?

தங்கை


ஜூன் 3

பேராசிரியைக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

நன்றாகக் கேட்டுக்கொள். கை தூக்கியது அவன். நடுவர் பார்த்தது அவனை. விசாரணையில் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்காததற்கு நான் பதில் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு கோப்பையை வாங்கித் தந்த அந்தக் கடைசிப் பாஸ்கெட்டைப் போட்டது யார்? நான் களத்தில் இல்லாமல் இருந்திருந்தால் எழுதுவதற்கு உனக்கு ஐம்பது வருடமும் கிடையாது, அரங்கமும் கிடையாது. ஒரு அணி என்றால் சிலர் ஜெயிப்பார்கள், சிலர் ஜெயிக்க வைப்பார்கள். இது உனக்குப் புரியாது. நீ எந்த அணியிலும் இருந்ததில்லை, ஒரு குடும்பம் உட்பட.

மகள், இனிஷியல் என்று என்னை அழவைக்கப் பார்க்காதே. நான் சாட்சியில்லாத கதைகளுக்கு அழுகிறவன் இல்லை. தைரியம் இருந்தால் நீ எழுதியதை அனுப்பு. படித்துவிட்டு என் வக்கீலிடம் கொடுக்கிறேன்.

அண்ணன்


ஜூன் 14

அண்ணனுக்கு,

அம்மா நலம். நான் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

கேட்டபடி அனுப்புகிறேன். அத்தியாயம் நீளமானது. நீ தேடும் பகுதி இதுதான்:

'இறுதி ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. கேப்டனுக்கு நான்கு ஃபவுல் ஆகிவிட்டது. எதிரணியின் ஆட்டக்காரர் பந்துடன் கூடையை நோக்கி எழும்பினார். கேப்டன் அவருக்குப் பின்னாலிருந்து வந்து முழங்கையால் இடித்தார். நடுவர் விசில் ஊதினார். இன்னொரு ஃபவுல் என்றால் கேப்டன் வெளியேற வேண்டும். அணியின் நெடுநாள் வழக்கப்படி, அருகில் நின்ற இளைய ஆட்டக்காரர் கையைத் தூக்கினார். கீழே விழுந்தவர் எழவில்லை. தூக்கிய கையை அதன் பிறகு இறக்க வழியில்லாமல் போயிற்று.'

தவறு இருந்தால் எழுது, வழக்கம்போல.

தங்கை


ஜூன் 22

பின்னாலிருந்தா?

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்குத் தெரிகிறதா? என் வாழ்நாளில் எவனையும் நான் பின்னாலிருந்து தொட்டதில்லை. பின்னாலிருந்து இடிப்பவன் ஆட்டக்காரன் இல்லை, திருடன். கண் தெரியாத ஒரு ஆள் 'வந்திருக்கணும்' என்று சொன்னால் அதை அப்படியே எழுதிவிடுவாயா? இதுதான் உன் பல்கலைக்கழகம் சொல்லிக் கொடுத்த வரலாறா?

நான் முன்னால் நின்றேன். கூடைக்குக் கீழே, இரண்டு காலையும் ஊன்றி, அவனுக்கு நேர் எதிரே. அவன் தோளை முன்னால் விட்டுக்கொண்டு மேலே பாய்ந்தான். நான் கையை மடக்கி எழும்பினேன். முழங்கை அவன் முகத்தில் பட்டது. முகத்துக்கு முகம். அவன் அந்த நேரம் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதனால் என்னைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் நின்றது கொக்கி. அவன் அவ்வளவு பக்கத்தில் நின்றதால்தான் அவன் கையை நடுவர் நம்பினார். ஆட்டம் தெரிந்த எவனும் உன் பத்தியைப் படித்தால் காறித் துப்புவான். என் பெயரோடு அந்த ஒரு வார்த்தை அச்சில் வந்தால் உன்னை நான் சும்மா விட மாட்டேன்.

வேண்டுமென்றே எழுதினாயா? அதை மட்டும் சொல்.

இனி எனக்கு எழுதாதே.


ஜூலை 5

அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். திருத்தம் கிடைத்தது என்று தெரிவிப்பது முறை என்பதால் இதை எழுதுகிறேன். அம்மா நலம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

'பின்னாலிருந்து' என்பதை எடுத்துவிட்டேன். 'முன்னால் நின்று, முகத்துக்கு முகம்' என்று மாற்றியிருக்கிறேன். அந்தப் பத்தியில் வேறு எதையும் நீ திருத்தவில்லை.

உன் கடிதத்தைச் செயலாளரிடம் கொடுத்தேன். தங்கை சொன்னால் குடும்பச் சண்டை, கேப்டன் எழுதித் தந்தால் வரலாறு என்று அவர் வீட்டுக்கு வந்த அன்றைக்கே சொல்லியிருந்தார். எழுத்து உன்னுடையதுதானா என்று பார்க்க, தன் சட்டைப்பையிலிருந்த உன் பழைய கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு தண்ணீர் கேட்டார். அத்தியாயம் அச்சகத்துக்குப் போய்விட்டது. அரங்கத்தின் பெயரைப் பற்றிக் குழு மறுபடி கூடிப் பேசுமாம். அதில் எனக்கு வேலை இல்லை.

அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு குழாய்க் கடைக்குப் போனேன். கொக்கி கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே படித்தார். குளியலறைக் குழாய் வாங்க வந்தவர் இரண்டு முறை கனைத்துப் பார்த்துவிட்டு, பிறகு சும்மா இருந்தார். படித்து முடித்ததும் பக்கத்தைத் திருப்பி, பின்புறம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை.

"முன்னாடி நின்னுதான் இடிச்சான். அது சரிதான்" என்றார்.

உன்னைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். புத்தகம் வந்ததும் இரண்டு பிரதி வேண்டும் என்றார். ஒன்று மகளுக்கு. இன்னொன்றைக் கணக்கு ஆசிரியருக்கு என்னையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். தான் போனால் அவர் எழுந்து போய்விடுவார் என்றார்.

தங்கை